ஆண்டுக்குப் பதினெட்டு மில்லிகிராம்

திருப்பதி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13.4 டிகிரியில் இருக்கிறது. ஆண்டின் 12 மாதமும் நண்பகல் வெயில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் அளவுக்கு உச்சியில் நிற்கும் ஊர். அந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நலமாக இருந்த 1,148 பேரின் இரத்தத்தை ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் (ஸ்விம்ஸ்) சி.வி. ஹரிநாராயண் குழுவினர் பரிசோதித்தார்கள். நகரத்தார் 943 பேர், கிராமத்தார் 205 பேர். முடிவு 2007இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன் இதழில் வந்தது. கிராமப் பெண்களில் 70 சதவீதத்தினரிடம் வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே. 30 நானோகிராமைத் தாண்டியவர்கள் 1 சதவீதம்.

இது நலமானவர்களின் கணக்கு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஓர் இளைஞருக்கு வைட்டமின் டி எவ்வளவு தேவை, என்ன செலவு, என்ன பலன் என்று கணக்குப் போட உட்கார்ந்தால் முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தொற்றும் மருந்தும் கணக்கில் சேரும் முன்பே இருப்பு குறைவு.

அலகுகளை முதலில் சொல்லிவிடலாம். 1 மைக்ரோகிராம் வைட்டமின் டி என்பது 40 ஐ.யு. (சர்வதேச அலகு). இரத்த அளவில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 நானோமோல். கீழே இரத்த அளவு என்று வரும் இடமெல்லாம், வேறு அலகு குறிப்பிடாதவரை, மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று கொள்ளவும்.

அதே குழு திருப்பதி வட்டாரத்தில் கண்ட சராசரிகள் இவை. கிராம ஆண்கள் 23.73, கிராமப் பெண்கள் 19, நகர ஆண்கள் 18.54, நகரப் பெண்கள் 15.5. குழந்தைகளில் கிராமச் சிறுவர் 17, சிறுமியர் 19. நகரச் சிறுவர் 15.57, சிறுமியர் 18.5. எட்டுப் பிரிவில் 20ஐத் தாண்டியது ஒன்றே ஒன்று, கிராம ஆண்கள். அவர்களும் 30ஐத் தொடவில்லை.

கிராமத்தார் பெரும்பாலும் விவசாயக் கூலிகள். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வயலில் வேலை. முகம், மார்பு, முதுகு, கை, கால் எல்லாம் வெயிலில். நாளுக்கு 9 மணி நேர வெயில் கிராம ஆணுக்கு நகர ஆணைவிடக் கூடுதலாகக் கொடுத்தது 5.19 நானோகிராம். வெயில் போதாது என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நிறமும் ஆடையும் உணவும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. ஆனால் 'வெயிலில் நின்றால் சரியாகிவிடும்' என்ற எளிய அறிவுரைக்கு இந்த 5.19 போதுமான ஆதரவு தரவில்லை என்று சொல்லலாம். ஹரிநாராயண் குழுவினர் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹோலிக்குடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில் திருப்பதியில் வைட்டமின் டி உருவாக ஏற்ற நேரம் காலை 11 முதல் பிற்பகல் 2 வரை என்று கண்டார்கள். சித்திரை, வைகாசியில் அந்த வட்டாரத்தில் எல்லோரும் நிழல் தேடி ஒதுங்குவதும் அதே 3 மணி நேரம்தான்.

எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்பது கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2007 ஆய்வின் நான்கு பிரிவையும் இரண்டு கோடுகளில் வைத்துப் பார்க்கலாம். கோடு 20இல் இருந்தால் குறைவானவர்கள்: கிராம ஆண்கள் 44 சதவீதம், நகர ஆண்கள் 62, கிராமப் பெண்கள் 70, நகரப் பெண்கள் 75. கோடு 30க்கு நகர்ந்தால்: முறையே 83.5, 88, 99, 94. கிராம ஆண்களில் 39.5 சதவீதம் பேர், உடலில் எதுவும் மாறாமல், வெறும் கோடு நகர்ந்ததால் குறைபாட்டுப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள். 2011இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 20 போதும் என்றது. அதே ஆண்டு அந்நாட்டு எண்டோகிரைன் சொசைட்டி 30 வேண்டும் என்றது. 13 ஆண்டு கழித்து, 2024இல், எண்டோகிரைன் சொசைட்டி தன் 30 என்ற இலக்கைக் கைவிட்டது. நலமானவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. 1 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலே வைட்டமின் டி கொடுக்கலாம் என்றது. இந்தக் கடைசி வரியைக் கீழே பணக்கணக்கில் மறுபடி பார்க்க வேண்டும்.

இனி எச்.ஐ.வி. பக்கம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 24.01 லட்சம். ஆந்திரப் பிரதேசத்தில் 3.21 லட்சம், மகாராஷ்டிரத்தின் 3.94 லட்சத்துக்கு அடுத்த இடம். நாட்டின் மொத்தத்தில் 13.4 சதவீதம் ஒரே மாநிலத்தில். வயது வந்தோரிடையே பரவல், நாடு முழுவதற்கும் 0.21 சதவீதம், ஆந்திரத்தில் 0.67, அதாவது 3.2 மடங்கு. மாவட்டக் கணக்குகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 4க்கு முந்தைய ஆவணங்களில் 'சித்தூர்' என்றால் அது திருப்பதியும் மதனப்பள்ளியும் சேர்ந்த, 2011 கணக்கெடுப்பில் 41.74 லட்சம் பேர் இருந்த பழைய மாவட்டம். அன்று பிறந்த திருப்பதி மாவட்டத்தில் பழைய நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூலூர்ப்பேட்டைப் பகுதிகளும் உண்டு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வரும் விடைக்குப் பொருள் இல்லை.

இளைஞர் என்று இங்கே சொல்வது 15 முதல் 24 வயது. 2025இல் அந்த வயதில் இருந்தவர்கள் 2001க்கும் 2010க்கும் இடையில் பிறந்தவர்கள். அரசின் இலவச எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று 8 மையங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம். குழந்தைகளுக்கான ஏ.ஆர்.டி. திட்டம் 2006 நவம்பர் 30இல் வந்தது. 2001இல் தாயிடமிருந்து தொற்றுடன் பிறந்த குழந்தைக்கு அன்று வயது 5. அப்போது தொடங்கியிருந்தால் 2025இல் அவர் மாத்திரை விழுங்கத் தொடங்கி 19 ஆண்டு ஆகிறது. எலும்பின் உச்ச நிறையில் ஏறத்தாழ 90 சதவீதம், பெண்ணுக்கு 18 வயதுக்குள்ளும் ஆணுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடும். எலும்பு சேர்ந்த காலமும் மருந்து சேர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

மருந்து எலும்பை இரண்டு வழியில் தொடுகிறது. எஃபாவிரென்ஸ், கல்லீரல் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி சிதைவதை வேகப்படுத்தும். டெனோஃபோவிர், சிறுநீரகம் வழியாகப் பாஸ்பேட்டை வெளியேற்றும். எலும்பிலிருந்து தாது கரையும். சிகிச்சை தொடங்கிய முதல் 2 ஆண்டில் எலும்புத் தாது அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் வரை குறைவது பல ஆய்வுகளில் பதிவானது. 2020-21 முதல் இந்தியத் திட்டத்தில் எஃபாவிரென்ஸின் இடத்துக்கு டொலுடெக்ராவிர் வந்தது. இன்றைய மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி.; மொத்தம் 650 மி.கி. இரண்டு தொல்லையில் ஒன்று போயிற்று, 300 மி.கி. டெனோஃபோவிர் அப்படியே இருக்கிறது.

ஆகவே அளவுக் கணக்கு. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் ராபர்ட் ஹீனி குழு 67 ஆண்களிடம் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாள்தோறும் எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோகிராமும் இரத்த அளவை லிட்டருக்கு 0.7 நானோமோல் உயர்த்துகிறது. நம் அலகில் சொன்னால், நாளுக்கு 100 ஐ.யு. எடுத்தால் 0.7 நானோகிராம் உயர்வு. இதைத் திருப்பதி நகரப் பெண்களின் சராசரியான 15.5இன் மேல் வைத்துப் பார்க்கலாம். 20ஐ எட்ட 4.5 வேண்டும்; நாளுக்கு 643 ஐ.யு. 30ஐ எட்ட 14.5 வேண்டும், நாளுக்கு 2,071 ஐ.யு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்த நாளளவு 600 ஐ.யு. முதல் கோட்டுக்கு அது ஏறக்குறையப் போதும். இரண்டாவது கோட்டுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒமாஹா ஆண்களின் கணக்கைத் திருப்பதிப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவதில் பிழை இருக்கும். எடை, கொழுப்பு, தொடக்க அளவு எல்லாம் இந்த உயர்வு விகிதத்தை மாற்றும். தோராயமான திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2,071 என்ற எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. மருந்துக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த, பாலில் கலக்கிக் குடிக்கும் சாஷேயில் 60,000 ஐ.யு. உள்ளது. மாதத்துக்கு ஒன்று என்றால், 30 நாளில் வகுக்க, நாளுக்கு 2,000 ஐ.யு. ஆண்டுக்கு 12 சாஷே, 7,20,000 ஐ.யு. எடையில் சாஷே ஒன்றில் இருக்கும் வைட்டமின் 1.5 மி.கி.; மீதியெல்லாம் சர்க்கரையும் மணமும். ஆண்டுக்கு 18 மி.கி. ஒரே ஆண்டில் அந்த இளைஞர் விழுங்கும் மூன்று எச்.ஐ.வி. மருந்துகளின் எடை 237 கிராம். ஆயிரம் பேருக்கு ஓராண்டுக்குத் தேவையான தூய வைட்டமின் டி 18 கிராம். ஒரு கைக்குள் அடங்கும்.

இளைஞர்களிடம் செய்த சோதனைகளின் அளவுகளை நாளளவாக்கி அடுக்கிப் பார்த்தால் இந்த 2,000 எங்கே நிற்கிறது என்பது தெரியும். அமெரிக்காவில் டெனோஃபோவிர் எடுத்துவந்த 16 முதல் 24 வயதினர் 214 பேரிடம் நடந்த சோதனையில் 4 வாரத்துக்கு ஒரு முறை 50,000 ஐ.யு., 48 வாரம், நாளுக்கு 1,786. இரு குழுவுக்கும் பொதுவாகக் கொடுத்த பல்வைட்டமின் மாத்திரையின் 400ஐச் சேர்த்தால் 2,186. ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் 11 முதல் 19 வயதினருக்கான விட்டாலிட்டி சோதனையில் வாரம் 20,000 ஐ.யு., 48 வாரம், கூடவே நாள்தோறும் கால்சியம் கார்பனேட். நாளுக்கு 2,857, மொத்தம் 9,60,000. பிலடெல்பியாவில் 5 முதல் 24 வயது வரையிலான 58 பேருக்கு நடந்த சோதனையில் நாளுக்கு 7,000 ஐ.யு., 12 மாதம், மொத்தம் 25,55,000. அமெரிக்க மருத்துவக் கழகம் 9 வயதுக்கு மேல் பாதுகாப்பான உச்சமாக வைத்தது நாளுக்கு 4,000. பிலடெல்பியா அளவு அதைப்போல் 1.75 மடங்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் செய்யக்கூடியது. மாதம் ஒரு சாஷே அந்த உச்சத்தில் பாதி.

பலன் என்ன? இரத்த அளவு எல்லாச் சோதனைகளிலும் உயரும். வாயில் போட்டது இரத்தத்தில் தெரிவதில் வியப்பில்லை. எலும்பில் தெரிகிறதா என்பதே கேள்வி. 214 பேர் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தாது அடர்த்தி, வைட்டமின் டி பெற்ற குழுவில் 1.15 சதவீதம் உயர்ந்தது. வெற்று மருந்துக் குழுவில் 0.09 சதவீதம். வேறுபாடு 1.06 சதவீதப் புள்ளி. வைட்டமின் டி குழுவுக்குள் உயர்வு புள்ளியியல்படி உறுதி. ஆனால் இரு குழுவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது வேறுபாடு உறுதிப்படவில்லை, தற்செயலாக வரும் வாய்ப்பு 0.12 என்ற அளவில் நின்றது. கட்டுரைத் தலைப்பில் 'அதிகரிக்கிறது' என்ற சொல் இருக்கிறது. எண்ணைப் பார்ப்பவர் அந்தச் சொல்லுக்கு முன்னால் சற்று நிற்பார். 48 வாரத்தில் 1.06 என்பது, சிகிச்சையின் தொடக்கத்தில் இழக்கும் 2 முதல் 6 சதவீதத்தோடு ஒப்பிட்டால், பாதிக்கும் ஆறில் ஒரு பங்குக்கும் இடையில். பயனற்றது என்று ஒதுக்கும் அளவுக்குச் சிறியதில்லை. எலும்பு திரும்பிவிட்டது என்று எழுதும் அளவுக்குப் பெரியதும் இல்லை.

இனிப் பணம். சாஷே விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக 30 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வைட்டமின் டி இரத்தப் பரிசோதனைக்குத் தனியார் ஆய்வகக் கட்டணம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டும் என் ஊகம். வாசகர் தம் ஊர் விலையை இட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஆண்டுக்கு 12 சாஷே, 360 ரூபாய். ஒரு பரிசோதனையின் விலையில் 40 சாஷே வாங்கலாம். 3 ஆண்டு 4 மாதத்துக்கு வரும்.

ஆயிரம் இளைஞர்கள் உள்ள ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பரிசோதனை இல்லாமல் கொடுத்தால் 12,000 சாஷே, 3,60,000 ரூபாய். பரிசோதித்து, குறைந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தால்? நகரப் பெண்களின் 75 சதவீதத்தை அளவாகக் கொண்டால் 250 பேருக்குச் சாஷே தேவையில்லை. மிச்சம் 90,000 ரூபாய். அந்த 90,000ஐ மிச்சப்படுத்த ஆகும் பரிசோதனைச் செலவு 12,00,000. பரிசோதனை லாபமாக வேண்டுமானால் அதன் விலை 90 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பற்றாக்குறை மிகக் குறைவாக இருந்த கிராம ஆண்களின் 44 சதவீதத்தை எடுத்தாலும் மிச்சம் 560 பேர், 2,01,600 ரூபாய். லாபமான பரிசோதனை விலை 202 ரூபாய். பற்றாக்குறை 100க்கு 10 பேருக்கு மட்டும் என்று வைத்தாலும் மிச்சம் 3,24,000. விலை 324 ரூபாய். அதாவது பற்றாக்குறையே இல்லாத ஊராக இருந்தாலும் 360 ரூபாய்க்கு மேல் விலையுள்ள பரிசோதனை இந்தக் கணக்கில் தேறாது. சிறுநீரகக் கல் உள்ளவர், இரத்தத்தில் கால்சியம் ஏறியவர், சிறுநீரகம் பழுதானவர் விஷயம் வேறு. அவர்களுக்குப் பரிசோதனை பணத்துக்காகச் செய்வதில்லை.

விநியோகச் செலவு பெரிதாகச் சேராது. நிலையாக மருந்து எடுப்பவர்களுக்கு ஏ.ஆர்.டி. மையங்களில் 3 மாத மருந்தை ஒருசேரத் தருவது உண்டு. ஆண்டுக்கு 4 வருகை. வருகைக்கு 3 சாஷே. இதற்காகத் தனியே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. எதற்கு அடிக்கடி ஆஸ்பத்திரி என்று வீட்டிலும் விடுதியிலும் விளக்கம் சொல்லவேண்டிய பிள்ளைக்கு அது கூலியைவிடப் பெரிய மிச்சம்.

உணவு வழியாக இதை நிரப்ப முடியுமா என்றும் பார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் செறிவூட்டல் விதிப்படி பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம், சமையல் எண்ணெயில் கிராமுக்கு 0.11 முதல் 0.16 மைக்ரோகிராம் வைட்டமின் டி சேர்க்கலாம். நாளுக்கு 200 மி.லி. பால் 40 முதல் 60 ஐ.யு.; 25 கிராம் எண்ணெய் 110 முதல் 160 ஐ.யு. கூட்டினால் 150 முதல் 220. பரிந்துரைத்த 600இல் 25 முதல் 37 சதவீதம். 2,071இல் 7 முதல் 11 சதவீதம். அதுவும் பால் பாக்கெட்டிலும் எண்ணெய் உறையிலும் அந்த '+எஃப்' முத்திரை இருந்தால். வீட்டுப் பசுவின் பாலுக்கு முத்திரை கிடையாது.

இதுவரை எழுதியதில் பெரிய தொகை எதுவும் வரவில்லை. கால்சியத்துக்கு வந்தால் வரும். திருப்பதி ஆய்வுகளில் நகரத்தாரின் கால்சியமும் கிராமத்தாரின் கால்சியமும் அன்றைய பரிந்துரையான நாளுக்கு 400 மி.கி.ஐ எட்டவில்லை, கிராமத்தாரின் அளவு நகரத்தாரைவிடக் குறைவு. வெயிலில் முந்திய கிராமம் கால்சியத்தில் பிந்தியது. பரிந்துரையோ 2010இல் 600 மி.கி. ஆனது, 2020இல் 1,000 மி.கி. ஆனது, 16 முதல் 18 வயதுக்கு 1,050. தட்டில் இருப்பது அப்படியே இருக்க, இலக்கு 2.5 மடங்கு ஏறியது. 400 முழுதாகக் கிடைத்ததாகவே வைத்தாலும் பள்ளம் 600 மி.கி.

கேழ்வரகுக் களியை, அங்கே தெலுங்கில் ராகி சங்கடி என்பார்கள், இந்தப் பள்ளத்துக்கு மருந்தாகச் சொல்வது வழக்கம். பழைய இந்திய உணவு அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகுக்கு 344 மி.கி. கால்சியம், 2017 அட்டவணையில் 364. அரிசியில் 10 மி.கி.; பசும்பாலில் 120. கேழ்வரகு அரிசியைப்போல் 34 மடங்கு. ஒரு மாத்திரையின் அளவான 500 மி.கி. கால்சியத்துக்கு 145 கிராம் கேழ்வரகு போதும். ஆண்டுக்கு 53 கிலோ. கிலோ 45 ரூபாய் என்றால் 2,387 ரூபாய். அதே 500 மி.கி.யைப் பாலில் எடுத்தால் நாளுக்கு 417 மி.லி., ஆண்டுக்கு 152 லிட்டர். லிட்டர் 60 ரூபாய் என்றால் 9,125 ரூபாய். மாத்திரையில், நாளுக்கு 2 ரூபாய் என்றால், 730. மூன்று விலையும் என் ஊகம்தான். விகிதம் பெரிதாக மாறாது. பால் வழி, மாத்திரையைப்போல் 12.5 மடங்கு. வைட்டமின் டி சாஷேயைப்போல் 25 மடங்கு.

கேழ்வரகின் 344 முழுதும் உடலில் சேராது. தானியத்தில் உள்ள பைட்டேட், கால்சியத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். திருப்பதி ஆய்வில் உணவில் பைட்டேட்டுக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் கிராமத்தில் நகரத்தைவிட அதிகம். கால்சியம் குறைந்து பைட்டேட் கூடிய தட்டு. முளைகட்டினால் பைட்டேட் குறையும். அந்தப் பழக்கம் கைக்குழந்தைக் கஞ்சிக்குச் சில வீடுகளில் இன்னும் உண்டு. இருபது வயதுப் பையனின் களிக்கு யாரும் முளைகட்டுவதில்லை.

மாத்திரைக்கும் இரண்டு அடிக்குறிப்பு தேவை. முதலாவது எடை. கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம். அட்டையில் கார்பனேட் 1,250 மி.கி. என்றிருந்தால்தான் கால்சியம் 500 மி.கி. கார்பனேட் 500 மி.கி. என்றிருந்தால் கிடைப்பது 200. மேலே போட்ட 730 ரூபாய் 1,825 ஆகிவிடும். இரண்டாவது நேரம். வெறும் வயிற்றில் கால்சியத்தையும் டொலுடெக்ராவிரையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிணைத்து அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். உணவோடு சேர்த்து எடுத்தால் இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். இல்லாவிட்டால் டொலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். எலும்பில் 1 சதவீதம் சேர்க்கப் போய் வைரஸ் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்வது மோசமான வியாபாரம். வைட்டமின் டி சாஷேக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதைக் கலக்கும் பாலில் கால்சியம் உண்டு என்பதால் மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதானால் சாப்பாட்டோடு குடிப்பது நல்லது.

தவறாக எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிலேயே சொல்லலாம். பற்றாக்குறைக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது வாரம் ஒரு சாஷே, 8 வாரம், 4,80,000 ஐ.யு. சீட்டில் 'வாரம்' என்பதை 'தினம்' என்று படித்து ஒரு மாதம் எடுத்தவருக்கு உள்ளே போவது 18,00,000 ஐ.யு.; மாதம் ஒன்று என்ற முறையில் 2 ஆண்டு 6 மாதத்துக்கான அளவு. அதன் அடையாளங்கள் வாந்தி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பழுது. சாஷே உறையின் மேல் மாதத்தின் பெயரைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிக் கொடுக்க ஆகும் செலவு ஒரு பேனா.

8 வாரம் கொடுத்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குத் தில்லியில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நலமான 28 பேர். வாரம் 60,000 ஐ.யு., 8 வாரம், கூடவே நாளுக்கு 1 கிராம் கால்சியம். முடிவு 2008இல் வந்தது. இரத்த அளவு தொடக்கத்தில் லிட்டருக்கு 13.5 நானோமோல். எட்டாம் வாரம் 82.4. ஓராண்டு முடிவில் 24.7. நம் அலகில் 5.4, 33, 9.9. ஏறிய 68.9 நானோமோலில் ஆண்டு முடிவில் மிஞ்சியது 11.2, 16 சதவீதம். இரத்தத்தில் இந்த வைட்டமினின் அரை ஆயுள் 2 முதல் 3 வாரம். ஒன்பதாம் வாரத்திலிருந்து மாதம் ஒன்று என்று தொடர்ந்திருந்தால் அந்த ஆண்டில் ஒருவருக்குக் கூடுதலாக ஆகியிருக்கும் சாஷே 10. மேலே வைத்த விலையில் 300 ரூபாய்.